கியோத்தோவில் மாப்பிள்ளை வீடு விசாரித்தது

8-10-97, புதன், மாலை 5.30. காரைக்குடி பஸ் ஸ்டாண்டு.

வழியனுப்ப நின்றவர்கள்: என் மனைவி ராக்கம்மாள். மகன் முருகேசன், தேவகோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற வேலை. மச்சினன் கருப்பையா, சிங்கம்புணரியிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். என் வண்டிக் கண்டக்டர் தாவூது. பக்கத்து வீட்டு டெய்லர். அவர் சம்சாரம்.

நான் காரைக்குடிக்கும் சிங்கம்புணரிக்கும் தனியார் பஸ் ஓட்டுகிறேன். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இருபத்திரண்டு வருடம் அதே ரோடு. அதை விட்டால் மதுரை, திருச்சி, ஒரு தடவை பழனி. இப்போது ஜப்பான்.

காரணம் மகள் செல்வி. ரசாயனம் படித்தாள். மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து ஜப்பானில் கியோத்தோ என்ற ஊருக்குப் போனாள். நாலு வருடம் ஆகிறது. ஆடி மாதம் கடிதம் எழுதினாள். தோரு என்று ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அவரைக் கட்டிக்கொள்ள நினைக்கிறேன், அப்பா இல்லாத பிள்ளை, அம்மா வீட்டோடு கடை வைத்திருக்கிறார்கள், நீங்கள் வந்து பார்த்துச் சரி என்றால்தான், இல்லை என்றால் இல்லை. டிக்கெட்டும் அவளே அனுப்பினாள்.

ராக்கம்மாள் பஸ் படியில் நின்று சொன்னாள்.

"அவுக காப்பி குடுத்தாக, பலகாரம் குடுத்தாகன்னு வந்து நிக்காதீக. தெருவுல விசாரிங்க. நல்ல குடும்பம்னா தையில வச்சுக்குவோம். இல்லைன்னா பிள்ளையக் கையோட கூட்டியாந்துருங்க."

"அத்தான், அங்குட்டுப் போயி என்ன பாஷையில விசாரிப்பீக?" என்றார் கருப்பையா. அவர் மகனுக்குச் செல்வியைக் கேட்டிருந்தார். அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு. இருந்தாலும் வந்து நின்றார்.

"ஹாரன் அடிச்சுத்தான்" என்றான் தாவூது.

எல்லோரும் சிரித்தார்கள். ராக்கம்மாள் சிரிக்கவில்லை. பஸ் எடுத்தாச்சு.

10-10-97, வெள்ளி. சென்னை, சிங்கப்பூர், ஒசாக்கா.

சென்னைக்குச் சுமார் நானூறு கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர். அங்கே ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த விமானம் ஒசாக்கா. விமான நிலையத்தைக் கடலுக்குள் மண்ணைக் கொட்டிக் கட்டியிருக்கிறார்கள். இறங்குகிறபோது தண்ணீரில்தான் இறங்கப்போகிறோம் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவரும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஜப்பான்காரர்தான். பயம் எல்லோருக்கும் ஒன்று.

செல்வி வெளியே நின்றாள்.

"இளைச்சுட்டீகப்பா."

"நீ பெருத்துட்ட தாயி."

கியோத்தோவுக்குப் பஸ். நூறு கிலோமீட்டர், இரண்டாயிரத்து முந்நூறு யென். நம் காசுக்கு எழுநூறு ரூபாய்க்குப் பக்கம். டிரைவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஹாரனை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. தாவூது சொன்னது இங்கே நடக்காது என்று தெரிந்துவிட்டது.

செல்வியின் அறைக்கு ஆறு பாய் அறை என்று பேர். தரையில் ஆறு பாய் கொள்ளும். வீட்டைப் பாய்க் கணக்கில் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு அவுக வீட்டுல வரச் சொல்லியிருக்காக. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு நான் தனியாப் போயி தெருவப் பாக்கணும். விலாசம் எழுதிக் குடு."

அவளுக்குப் புரிந்தது. காரைக்குடிப் பிள்ளைதானே. "விசாரிக்கப் போறீகளாக்கும்" என்றாள். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். என்ன கடை என்று நான் கேட்கவில்லை. விசாரிக்கப் போகிறவன் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போகக் கூடாது. காதில் விழுந்ததைத்தான் கண் பார்க்கும்.

11-10-97, சனி, காலை 9.10.

செல்வி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நான் 203-ஆம் நம்பர் பஸ் ஏறினேன். பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும். இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும். எங்கே இறங்கினாலும் இருநூற்று இருபது யென். கண்டக்டர் கிடையாது. சிக்னலில் நின்றதும் டிரைவர் எஞ்சினை அணைத்தார். வண்டி நின்றுபோயிற்று என்று நினைத்தேன். என் வண்டியை ரோட்டில் அணைத்தால் பத்துப் பேர் இறங்கித் தள்ள வேண்டும். இவர் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது.

ஒரு ஆற்றுப் பாலம் தாண்டி, பழைய அரண்மனைச் சுவர் தாண்டி, மூன்று கிலோமீட்டரில் இமாதெகவா ஓமியா என்ற நிறுத்தம். இறங்கினேன். தாளை எடுத்துப் பார்த்தேன்.

"இமாதெகவா ரோடும் ஓமியா தெருவும் கூடும் இடம். அங்கிருந்து மேலே. இடப்பக்கம் நாலாவது. கடை."

சுலபமான விலாசம். காலை வெயில் முதுகில் விழும்படி மேலப்பக்கம் திரும்பி நடந்தேன். இடது கையில் ஒன்று மருந்துக் கடை. இரண்டு பூட்டியிருந்தது. மூன்று குடைக் கடை. நாலாவது பெரிய கட்டடம். இரண்டு மாடி, முழுக்கக் கண்ணாடி. பட்டப்பகலில் கலர் லைட் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அரிசி போடுகிறார்களோ என்று நினைத்தேன்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். லாரியில் ஜல்லி கொட்டினால் வருமே, அந்தச் சத்தம். எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக மெஷின். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஆள், காசு போட்டு ஒரு குமிழைத் திருகிக்கொண்டு. இரும்புக் குண்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் கொட்டுகின்றன. எவன் முகத்திலும் ஈயாடவில்லை.

சூதாட்டக் கடை. பெயர் பாச்சிங்கோ என்று அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

எதிரே காப்பிக் கடை இருந்தது. போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊரிலும் இப்படித்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே டீக்கடை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. காப்பி முந்நூற்றைம்பது யென். நூறு ரூபாய்க்குக் கசப்பு. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தோருவின் போட்டோ என் பையில் இருந்தது. எடுக்கவில்லை. போட்டோவைக் காட்டினால் பெண் வீட்டுக்காரன் என்று தெரிந்துவிடும். பிறகு நல்லதைத் தவிர ஒன்றும் சொல்லமாட்டார்கள். எதிர்க்கடையைக் கை காட்டி, தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"குட் ஷாப்?"

அவர் சிரித்தார். கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். காலி. வலது கையால் ஒரு குமிழைத் திருகுவது போல் செய்தார்.

"நோ குட். மை ஒய்ஃப், ஆங்கிரி."

விசாரணை இதற்கு மேல் தெளிவாக இருக்க முடியாது. ஆனாலும் ஒரு ஆள் சொல்லை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே போனவர்களில் சிரித்துக்கொண்டு வந்தவர் ஒருவர். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் கதவை ஒரு உதை விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்வாசலை ஊருக்காக வைத்திருப்பார்கள். வீட்டு லட்சணம் பின்வாசலில்தான் தெரியும். எழுந்து சுற்றிக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். பின்பக்கம் சுவரில் ஒரு ஓட்டை. முகம் தெரியாது, கை மட்டும் வரும். ஆட்கள் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார்கள். அந்தக் கை வாங்கிக்கொண்டு நோட்டை நீட்டியது. ஒருவருக்கொருவர் பேச்சில்லை. கள்ளச் சாராயம் இப்படித்தான் விற்பார்கள்.

செல்வி கடை என்று மட்டும் எழுதியது ஏன் என்று விளங்கிவிட்டது. இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

மணி 12.30.

அவள் வர ஆறு மணியாகும். அறைக்குப் போய் உட்கார மனமில்லை. கால் போன தெருவில் நடந்தேன். வந்த காரியம் கெட்டாலும் ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

உள்தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. செட்டிநாட்டுத் தெருக்கள் மாதிரி. குறுக்குத் தெருவும் நேர். நாலு பக்கமும் பார்வை ஓடியது. ஆனால் அகலம் பத்தடிதான். என் பஸ் எட்டடி. விட்டால் போகும், எதிரே சைக்கிள் வந்தால் போகாது. வீடுகள் எல்லாம் மரம். முன்பக்கம் மெல்லிய மரச்சட்டங்களை நெருக்கமாக அடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவுக்கு உள்ளே தெரியாது. ஒரு வீட்டு முகப்பை எட்டு வைத்து அளந்தேன். ஆறு எட்டு. பின்னால் எவ்வளவு தூரம் போகிறது என்று சந்தில் நுழைந்து நடந்தேன். நாற்பது எட்டு. விலாங்குமீன் படுக்கை என்று இந்த மாதிரி வீட்டுக்குப் பேராம். எங்கள் ஊர் வீடும் நீளம்தான். ஆனால் அது யானை படுக்கை.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிவப்பு வாளி. நிறையத் தண்ணீர். தீப்பிடித்தால் யாரும் எடுத்து ஊற்றலாம். மர வீடு, ஒட்டு வீடு. ஒன்று பிடித்தால் தெரு போய்விடும். தெரு முனையில் சின்ன மாடம், உள்ளே கல் சாமி. கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பிள்ளைகளைக் காக்கிற சாமியாம். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டேன். கும்பிட்டதில் குற்றமில்லை.

ஒரு அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். தன் வாசலைக் கூட்டி முடித்து, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு முழம் கூட்டி நிறுத்திவிட்டார். முழுசும் கூட்டவில்லை. ஏன் என்று பிறகு செல்வியிடம் கேட்டேன். கூட்டாமல் விட்டால் உறவில்லை என்று அர்த்தமாம். முழுசும் கூட்டினால் நீ கூட்டவில்லை என்று குத்திக் காட்டுவதாம். ஒரு முழம்தான் மரியாதை.

நல்ல தெரு. இந்தத் தெருவில் ஒரு மாப்பிள்ளை கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நாலு மணி வரை நடந்தேன். திரும்பும்போது பஸ் ஏறவில்லை. மூன்று கிலோமீட்டரும் நடந்தே போனேன்.

மாலை 6.30. ஆறு பாய் அறை.

செல்வி வந்ததும் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா?"

"சரிப்படாது தாயி."

அவள் பையைக் கீழே வைத்தாள். உட்காரவில்லை. "ஏன்?" என்றாள்.

"சூதாடுற எடத்துல பொண்ணக் குடுக்க மாட்டேன். முன்வாசலையும் பாத்தேன், பின்வாசலையும் பாத்தேன்."

"சூதாட்டமா? அவுக அரிசிக்கடையில்லப்பா வச்சிருக்காக?"

"எந்த அரிசி? இரும்புக் குண்டுதான் கொட்டுது."

"அப்பா. எங்குட்டுப் போனீக?"

"நீ எழுதுன எடத்துக்குத்தான். மேலே. இடப்பக்கம் நாலாவது."

"மேலேன்னா?"

"மேலேன்னா என்ன? மேக்க."

அவள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள். பிறகு கொஞ்சம் அழுதாள்.

"இந்த ஊர்ல அகருன்னு சொல்லுவாகப்பா. ஏறுறதுன்னு அர்த்தம். வடக்கே போறதத்தான் அப்படிச் சொல்றது. தெக்கே போறதுக்கு சகரு, இறங்குறது. அதத்தான் மேலேன்னு எழுதுனேன்."

"காரைக்குடிக்காரனுக்கு மேலேன்னு எழுதிக் குடுத்தா அவன் எங்குட்டுப் போவான்? மேலத்தெரு எங்க இருக்கு?"

"மேக்க."

"கீழத்தெரு?"

"கெழக்க."

"நாலு வருசத்துல மேலு கீழு மறந்துபோச்சாக்கும்."

நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சோறு போட்டாள். சாப்பிடும்போது, "நாளைக்குக் காலையில நானும் வாரேன்" என்றாள்.

"பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயா மாப்பிள்ளை வீட்ட விசாரிக்கிறது? பேசாமப் படு."

12-10-97, ஞாயிறு, காலை 9.30.

அதே 203. அதே நிறுத்தம். இந்தத் தடவை வெயிலை வலது கன்னத்தில் வாங்கிக்கொண்டு வடக்கே திரும்பினேன்.

ஓமியா தெரு. பதினைந்தடி அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள், மேலே வீடு. கொஞ்ச நேரம் முனையிலேயே நின்று பார்த்தேன். தெற்கே போகிற சைக்கிள்காரர்கள் மிதிக்கவில்லை. சும்மா உட்கார்ந்து போனார்கள். வடக்கே போகிறவர்கள் மிதித்தார்கள். வாசல் தெளித்த தண்ணீர் தெற்கே ஓடியது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். டிரைவருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மேற்கே மேடு, தண்ணீர் கிழக்கே போகும். அதனால் மேற்கு மேலே. இங்கே வடக்கே மேடு. இவர்களும் தண்ணீரைப் பார்த்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். செல்வி மறக்கவில்லை. ஊருக்குத் தக்கபடி சொல்லியிருக்கிறாள்.

இடப்பக்கம் நாலாவது. பலகையில் நெற்கதிர் படம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, தகரக்கதவு இறக்கியிருந்தது. வாசல் சுத்தம். சிவப்பு வாளியில் தண்ணீர் அன்றைக்குப் பிடித்தது, தூசியில்லை.

எதிரே முடிவெட்டும் கடை. சவரம் ஆயிரத்து எண்ணூறு யென், ஐந்நூற்று நாற்பது ரூபாய். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் மூன்று வருடம் சவரம் பண்ணலாம். ஆனாலும் விசாரிக்க இதைவிட நல்ல இடம் எந்த ஊரிலும் கிடையாது. போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் எழுபதைத் தொட்டவர். சூடான துண்டை முகத்தில் போட்டார். நெற்றியைக்கூட மழித்தார். மீசைக்கு வந்ததும் கத்தியை நிறுத்திக் கண்ணால் கேட்டார். நான் மீசையைக் கையால் பொத்திக்கொண்டேன். அவர் குனிந்து வணங்கி மீசையை விட்டுவிட்டார்.

முடிந்ததும் கண்ணாடி வழியாக அரிசிக்கடையைக் கை காட்டினேன். எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் அவர் கேட்டார்.

"செல்வி-சான், ஓதோசான்?"

செல்வி என்றது புரிந்தது. சான் மரியாதைக்குச் சேர்ப்பது, ஓதோசான் என்றால் அப்பா என்று பிறகு தெரிந்தது. தலையாட்டினேன். திருட்டுத்தனமாக விசாரிக்கப் போன லட்சணம் அவ்வளவுதான். அந்தத் தெருவில் என் நிறத்தில் இன்னொரு ஆள் வரப்போவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் என் கையைப் பிடித்து உள்சுவருக்குக் கூட்டிப்போனார். வரிசையாகப் போட்டோ. கல் சாமிக்கு ஆவணியில் தெருக்காரர்கள் எடுக்கிற விழா. வருடத்துக்கு ஒரு படம். எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு பெரிய மணிமாலையைக் கை மாற்றுகிறார்கள். மாலை பத்துப் பதினைந்து அடி சுற்றளவு இருக்கும். பழைய படத்தில் ஒரு குட்டிப் பையனைத் தொட்டு "தோரு" என்றார். அடுத்ததிலும் தொட்டார். அதற்கு அடுத்ததிலும். பையன் பெரியவனாகிக்கொண்டே வந்தான். ஒரு படத்தில் காதுகுத்துக்கு மொட்டை போட்ட மாதிரி முடியை ஒட்ட வெட்டியிருந்தது. அதைத் தொட்டுத் தன்னைத் தொட்டுச் சிரித்தார். அவர் வெட்டியது.

கடைசிப் படம் இந்த வருடம். வட்டத்தில் செல்வி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள். மாலை அவள் கையில் இருந்தது. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அவள் வாயைத் திறந்து சிரித்ததில்லை. பல் தெரியக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

ஆயிரத்து எண்ணூறு யென்னைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அது எனக்குப் பிடித்தது. பெண்ணின் அப்பா என்று சும்மா விட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

மதியம் 3.00. அரிசிக்கடை.

செல்வி கூட்டிப்போனாள். தகரக்கதவு பாதி ஏறியிருந்தது. உள்ளே அரிசி தீட்டுகிற சின்ன மெஷின், மரப்பெட்டிகளில் அரிசி. கேட்கிற ஆளுக்குக் கேட்கிற அளவு அப்போதே தீட்டிக் கொடுப்பார்களாம். பெட்டியில் கை விட்டு அள்ளிப் பார்த்தேன். குருணை இல்லை. தோரு என்னைப் பார்த்து ஒரு பெட்டியைக் காட்டினார். அதையும் அள்ளிப் பார்த்தேன். கணக்கு வாத்தியார்தான், பேச்சு குறைவு. நல்லது.

அவர் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குள்ளம். கை வேலை செய்த கை. பாயில் முட்டி போட்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் என் கால் மரத்துப்போயிற்று. செல்விதான் மொழிபெயர்த்தாள். அவள் கல்யாணத்தை அவளை வைத்தே பேசவேண்டியதாயிற்று. வேறு வழியில்லை.

டீ குடித்ததும் அந்த அம்மா ஏதோ கேட்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார். தோரு தலையைக் குனிந்துகொண்டார். செல்வி மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"என்ன கேக்குறாக?"

"அப்பா... உங்களுக்குப் பாச்சிங்கோ ஆடுற பழக்கம் உண்டான்னு கேக்குறாக."

"எனக்கா?"

"நேத்து ரெண்டு மணி நேரம் அந்தக் கடையவே பாத்துக்கிட்டு இருந்தீகளாம். அப்புறம் பின்னாடி, ஜெயிச்ச பரிசக் குடுத்துக் காசு வாங்குற சன்னலுக்குப் போனீகளாம். காப்பிக் கடைக்காரரு முடி வெட்டுறவர்ட்டச் சொல்ல, அவரு இவுகள்ட்டச் சொல்லியிருக்காரு. தெருவுல எல்லாருக்கும் தெரியுமாம்."

நான் தெருவை விசாரித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரு என்னை விசாரித்து முடித்திருந்தது. சூதாடியின் மகளை எடுப்பதா என்று அந்த அம்மா இரவெல்லாம் யோசித்திருப்பார். நான் யோசித்த அதே யோசனை.

"சொல்லு" என்றேன் செல்வியிடம். "எங்க ஊருல மேலேன்னா மேக்குன்னு சொல்லு. அவுக வீடுன்னு நெனச்சுத்தான் அங்கன உக்காந்திருந்தேன்னு சொல்லு. பின்வாசல் ஏன் பாத்தேன்னும் சொல்லு. ஒண்ணையும் விடாதே."

சொன்னாள். அந்த அம்மா முதலில் வாயைப் பொத்தினார். பிறகு பாயில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. தோருவும் சிரித்தார். மகனுக்கு அம்மாவின் சிரிப்பு. பிறகு அந்த அம்மா நீளமாக ஏதோ சொன்னார்.

"அவுக காலத்துல இங்கயும் பொண்ணு எடுக்குறதுக்கு முன்னாடி தெருவுல போயி விசாரிப்பாகளாம். இப்ப யாரும் போறதில்லையாம். நீங்க விசாரிக்க வந்தது சந்தோசமாம். காரைக்குடி தூரம், அவுகளால போக முடியலையாம். அதனால உங்களையே கேக்குறாகளாம். உங்களப் பத்தி உங்க தெருவுல என்ன சொல்லுவாக?"

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன்.

"கோவக்காரன்னு சொல்லுவாக. பேச மாட்டான்னு சொல்லுவாக. இருபத்திரண்டு வருசத்துல வண்டியில ஒரு உயிருக்குச் சேதமில்லைன்னு சொல்லுவாக. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாக."

செல்வி சொன்னாள். அந்த அம்மா தரையில் நெற்றி படக் குனிந்தார். நானும் குனிந்தேன். கால் மரத்திருந்ததால் நிமிர நேரமாயிற்று.

"தையில வச்சுக்கலாம்" என்றேன். "இங்குட்டும் ஒரு கல்யாணம் வேணும்னாலும் வச்சுக்கங்க."

செல்வி அதை மொழிபெயர்க்கவில்லை. முடியவில்லை. தோருவுக்குப் புரிந்துவிட்டது.

மாலை 4.30. ஓமியா தெரு.

அந்த அம்மா உடனே எழுந்து செருப்பைப் போட்டார். சேதி தப்பாகப் போவதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்ல வேண்டுமாம். ஏற்கெனவே ஒரு சேதி தப்பாகப் போயிருக்கிறது. எதிரே உள்ள மூன்று வீடு, இரண்டு பக்கத்திலும் ஒட்டியிருக்கும் வீடு, இவர்களிடம்தான் முதலில் சொல்வது. தீப்பிடித்தால் வாளி எடுப்பவர்கள் அவர்கள். நோய் வந்தால் வருபவர்களும் அவர்கள்.

முடிவெட்டுகிறவர் கதவைத் திறந்ததும் நான் மீசையைப் பொத்தினேன். அவர் சத்தமாகச் சிரித்தார். அடுத்தது நூல்கண்டு விற்கிற கணவன் மனைவி. அடுத்தது தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். காது கேட்காது. அந்த அம்மா காதருகே குனிந்து சொன்னார். அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பவும் வந்து வணங்கினார். பக்கத்து வீடுகளில் ஒன்றில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. செல்வி கை நீட்டியதும் தாவி வந்தது. அது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. கடைசி வீட்டு அம்மா என்னை மேலிருந்து கீழாக நன்றாகப் பார்த்தார். விசாரிக்கிற பார்வை. எனக்குத் தெரியாதா.

ஒவ்வொரு வாசலிலும் அந்த அம்மா சொன்னார், செல்வி குனிந்தாள், நான் குனிந்தேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

15-10-97, புதன், காலை 7.00.

ஒசாக்கா போகும் பஸ். செல்வியும் தோருவும் நிறுத்தத்தில் நின்றார்கள்.

"தனியா விட்டுட்டுப் போறோம்னு நெனைக்கிறீகளாப்பா?"

"இல்ல தாயி."

பஸ் எடுத்த பிறகு யோசித்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நல்லது கெட்டது என்றால் தெருவே வரும். வராமல் போனாலும் கேட்க முடியாது. யார் வர வேண்டும் என்று எங்களிடம் கணக்கில்லை. இங்கே யார் என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறார்கள். மகளைக் கொடுக்கிறவனுக்கு அது தெரிந்திருப்பது நல்லது. எதிரே மூன்று. இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.

ஐந்து வீடு.